ஸ்பூனில் நிற்கும் சோறு: ஆறு மாதக் குழந்தைக்கு உணவு தொடங்குவது எப்படி?

குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டால் போதும், சென்னையில் எல்லாரிடமிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: "சாதம் குடுக்க ஆரம்பிச்சாச்சா?" மாடி வீட்டு ஆயா கேட்பார், இஸ்திரி போடுபவர் கேட்பார், தடுப்பூசி போட வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் அம்மா கேட்பார். கூடவே ஆளுக்கு ஒரு யோசனையும் சொல்வார்கள். ஒருவர் பருப்புத் தண்ணி என்பார், இன்னொருவர் அரிசிக் கஞ்சி, அடுத்தவர் கடையில் விற்கும் டப்பா மாவு.

என் மூத்த மகளுக்கு நான் எல்லாரும் சொன்னதையும் செய்தேன். காலையில் பருப்புத் தண்ணி, மாலையில் வடிகட்டிய கஞ்சி, நடுவில் கேரட் வேகவைத்த தண்ணீர். எட்டாம் மாதம் எடை பார்த்தபோது இரண்டு மாதமாக எடை ஏறியே இருக்கவில்லை. பெரம்பூரில் எங்கள் தெருவை அடுத்த அங்கன்வாடியின் டீச்சர் அந்த வாரம் வீட்டுக்கு வந்தார். அடுப்பின் பக்கத்தில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். ஒரு ஸ்பூன் எடுத்து மெதுவாகச் சாய்த்தார். கஞ்சி சொட்டுக்கூட மிச்சமில்லாமல் கிண்ணத்துக்குள் ஒழுகிவிட்டது. "ஸ்பூன்ல நிக்காதது புள்ள உடம்புலயும் நிக்காதும்மா" என்றார்.

குழந்தைக்கு உணவு தொடங்கும் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது அந்த ஸ்பூனைப் பற்றித்தான். அதற்கு முன்னால், ஏன் ஆறு மாதம் என்பதைப் பார்த்துவிடலாம்.

ஏன் ஆறு மாதம்?

பிறந்தது முதல் ஆறு மாதம் முடியும் வரை, அதாவது 180 நாள் வரை, தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம், சென்னை மே மாத வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களும் சொல்வது இதைத்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வயது வரையும், அதற்கு மேலும் தாய்ப்பால் தொடர வேண்டும். அதனால்தான் இந்த உணவை 'இணை உணவு' என்கிறோம். பாலோடு இணைந்து போவது, பாலை நிறுத்திவிட்டுக் கொடுப்பது இல்லை.

ஆறு மாதத்தில் இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது. ஒன்று, வளரும் உடம்புக்கு வேண்டிய சக்தி பாலில் மட்டும் கிடைக்காது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வர வேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை அது 300 ஆகும். ஒரு வயதுக்கு மேல் 550. இன்னொன்று இரும்புச்சத்து. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை அம்மாவிடமிருந்து இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு, ஆகவே பிறகு உணவில்தான் வர வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. நான் வடிகட்டிய கஞ்சியைக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இது எனக்குத் தெரியாது.

குழந்தை தயார் என்பதை அதன் உடம்பே காட்டும். முதுகுக்குக் கொஞ்சம் அண்டை கொடுத்தால் உட்காரும், தலை ஆடாமல் நிற்கும், நாம் சாப்பிடுவதை உற்றுப் பார்த்துக் கையை நீட்டும். அதற்கு முன் வாயில் வைத்தால் நாக்கு தானாக வெளியே தள்ளிவிடும். அது மூச்சுக்குழாய்க்குள் எதுவும் போகாமல் காக்கும் அனிச்சைச் செயல், நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மெல்ல மறையும். குறைமாதக் குழந்தைக்கு மட்டும் எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோறூட்டும் சடங்குக்கு நல்ல நாள் பார்ப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் அதற்காக ஏழு, எட்டு மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம். ஐந்தாம் மாதமே ஆரம்பிக்கவும் வேண்டாம்.

பருப்புத் தண்ணியில் என்ன இருக்கிறது?

ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு எவ்வளவு கொள்ளும்? கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 200 மில்லி, நம் வீட்டு டம்ளரில் ஒன்று. அவ்வளவுதான் இடம். அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

பருப்பை வேகவைத்து மேலே தெளிந்த தண்ணியை மட்டும் ஊற்றினால், பருப்பின் புரதமும் மாவும் பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65, 70 கலோரி இருக்கிறது. பருப்புத் தண்ணியில் அந்த அளவுகூட இருக்காது. அதாவது, தாய்ப்பாலைவிடச் சத்துக் குறைந்த ஒன்றை ஊற்றி வயிற்றை நிரப்பி, குழந்தை குடிக்க வேண்டிய பாலையும் குறைத்துவிடுகிறோம். நான் இரண்டு மாதம் செய்தது இதைத்தான். என் பாட்டியும் மாமியாரும் அன்போடு சொன்னார்கள், "செரிக்கணும்ல" என்று. ஆறு மாதக் குழந்தைக்கு நன்றாக வெந்து மசித்த பருப்பு செரிக்கும். தண்ணியை எடுத்துவிட்டுப் பருப்பைக் கொடுங்கள்.

சரி, எவ்வளவு கெட்டியாக? அங்கன்வாடி டீச்சர் செய்ததைச் செய்து பாருங்கள். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் உடனே ஒழுகக் கூடாது, மெல்ல நகர வேண்டும். தோசை மாவைவிடக் கெட்டி, இட்லியைவிடத் தளர்வு. முதல் சில நாள் கொஞ்சம் தளர இருக்கலாம், ஆனால் தண்ணீராக இருக்கவே கூடாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாவு அதிகம் போட்டால் கூழ் களியாகி வாயில் ஒட்டும், தண்ணீர் ஊற்றினால் சத்து குறையும். இதற்கு நம் ஊரில் பழைய வழி ஒன்று இருக்கிறது: முளைகட்டிய ராகி. கேழ்வரகு முளைவிடும்போது அதில் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. கூழ் காய்ச்சும்போது அது மாவுச்சத்தை உடைப்பதால், அதே அளவு மாவு போட்டாலும் கூழ் இறுகாமல் இளகி இருக்கும். ஆக, அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைச் சேர்க்கலாம், குழந்தைக்கு விழுங்கவும் எளிது.

நான் இப்போது இரண்டாவது மகனுக்குச் செய்வதைச் சொல்கிறேன். ராகியைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுவேன். சென்னை வெக்கைக்கு ஒன்றரை நாளில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து, மெஷினில் கொடுத்து அரைத்து வைத்துக்கொள்வேன். அதிகம் வறுத்தால் நொதி போய்விடும், வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். இரண்டு ஸ்பூன் மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கிண்டினால் பளபளவென்று வரும். கடைசியில் அரை ஸ்பூன் நெய் விட வேண்டும். ஒரு தேக்கரண்டி நெய்யில் ஏறக்குறைய 40 கலோரி இருக்கிறது. கிண்ணத்தின் அளவைக் கூட்டாமல் சக்தியை மட்டும் கூட்ட இதைவிட எளிய வழி இல்லை. நெய் இல்லையென்றால் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். சிலர் ராகியை அரைத்துப் பாலாகப் பிழிந்து சக்கையை எறிந்துவிடுவார்கள். முதல் ஒரு வாரத்துக்கு அது சரி. பிறகு முழு மாவாகவே கொடுங்கள், அந்தச் சக்கையிலும் சத்து இருக்கிறது. ராகியின் பெரிய பலம் சுண்ணாம்புச்சத்து, 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது.

முதல் வாரம்

முதல் உணவு இன்னதுதான் என்று கட்டாயமில்லை. ராகிக் கூழ், மசித்த பருப்பு சாதம், மசித்த வாழைப்பழம், வேகவைத்த பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, எதுவானாலும் சரி. காலை பத்து மணி வாக்கில் கொடுங்கள், ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலிலேயே தெரிந்துவிடும். தூங்கி எழுந்து, கொஞ்சம் பசியோடு, ஆனால் அழாமல் இருக்கும் நேரம் நல்லது. ஒன்றிரண்டு ஸ்பூனில் தொடங்கி, ஒரு புது உணவை இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். காலில் மல்லாத்திப் படுக்கவைத்து, சங்கிலோ பாலாடையிலோ கூழை ஊற்றி, மூக்கைப் பிடித்து விழுங்கவைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அப்படிப் போகும் உணவு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். கூழைப் பால் பாட்டிலில் ஊற்றி உறிஞ்சவைப்பதும் வேண்டாம். சின்ன ஸ்பூனோ சுத்தமான விரலோ போதும்.

முதல் நாள் என் மகன் வாயில் வைத்த பரங்கிக்காயைப் பாதி தாடையில் வழியவிட்டான், முகத்தைச் சுளித்தான், பிறகு ஸ்பூனையே கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். முகம் சுளிப்பது என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, அது புது ருசி. ஒரே காயைப் பத்துத் தடவைக்கு மேல் கொடுத்தபிறகு விரும்பிச் சாப்பிடும் குழந்தைகள் நிறைய. ஒரு தடவை துப்பியதற்காக அந்தக் காயைக் கைவிட வேண்டாம். அதே சமயம் வாயை மூடித் தலையைத் திருப்பினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மலம் நிறம் மாறும், கெட்டியாகும், பரங்கிக்காய் கொடுத்தால் ஆரஞ்சாகக்கூட வரும். பயம் வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் கொய்யா, பப்பாளி, பழுத்த மலைவாழைப்பழம் உதவும். சாப்பாட்டோடு கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் சில மடக்கு கொடுக்கலாம். கேன் தண்ணீரானாலும் மெட்ரோ தண்ணீரானாலும் குழந்தைக்குக் கொதிக்கவைத்ததுதான்.

எட்டு மாதத்துக்குள் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம் வரை வந்துவிடும். இந்த அரைக் கிண்ணம் என்பது 250 மில்லி கிண்ணத்தில். ஒன்பது மாதத்தில் மூன்று நான்கு வேளை. ஒரு வயதில் முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம் வரை. எல்லாக் குழந்தையும் இப்படியே சாப்பிடும் என்று நினைக்காதீர்கள். எடை அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் ஒரு நாள் குறைவாகச் சாப்பிட்டதற்குக் கலங்க வேண்டியதில்லை.

மிக்ஸியை எப்போது ஒதுக்கி வைப்பது?

என்னைக் கேட்டால், எட்டாம் மாதத்திலேயே. எல்லாவற்றையும் நைசாக அரைத்தே ஒன்றரை வயது வரை கொடுத்துவிட்டு, பிறகு "சாதம் மென்னு சாப்பிட மாட்டேங்குறான்" என்று வருந்தும் அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். மெல்லுவது பழக்கத்தால் வருவது. ஆறு மாதத்தில் மசியல், எட்டில் விரலால் பிசைந்த சிறு சிறு கட்டிகள், ஒன்பது பத்தில் கையில் பிடித்துச் சாப்பிட இட்லித் துண்டு, வெந்த கேரட் விரல், பழுத்த பப்பாளி. ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு, காரம் மட்டும் குறைவாக. பல் முளைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம், ஈறு நன்றாகவே மசிக்கும்.

பருப்பு சாதத்துக்கு நான் வைக்கும் அளவு மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு. அரிசியின் புரதத்தில் குறைவதைப் பருப்பு தரும், பருப்பில் குறைவதை அரிசி தரும். அதில் ஒரு துண்டு பரங்கிக்காயையோ ஒரு பிடி முருங்கைக்கீரையையோ சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில். இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால், அதிலுள்ள வைட்டமின் சி கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். டீ இதற்கு நேர்மாறு. டீயில் பிஸ்கட் தோய்த்து ஊட்டுவதை எப்படியாவது நிறுத்திவிடுங்கள்.

அசைவம் சாப்பிடும் வீடென்றால் ஆறு, ஏழு மாதத்திலேயே முழுதாக வெந்த முட்டை, மீன், அரைத்த கோழிக்கறி கொடுக்கலாம். ஒரு வயது முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கறியில் உள்ள இரும்புச்சத்துதான் உடம்பில் நன்றாகச் சேரும். காசிமேட்டிலோ பட்டினப்பாக்கத்திலோ மீன் வாங்கினால் சின்ன மீனாகப் பாருங்கள், முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிடுங்கள். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், குழந்தைக்கு வேண்டாம்.

ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை இரும்புச்சத்து சிரப்பும், ஒன்பதாம் மாத தடுப்பூசியோடு வைட்டமின் ஏ மருந்தும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். அங்கன்வாடியில் பதிவு செய்தால் சத்துமாவும் கிடைக்கும். நான் முதல் தடவை இதையெல்லாம் வசதியில்லாதவர்களுக்கு என்று நினைத்து ஒதுங்கியிருந்தேன். அப்படி இல்லை, எல்லாக் குழந்தைக்கும்தான்.

வேண்டாதவை

தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. பிறந்ததும் சேனை வைக்கும்போது நாக்கில் தடவும் தேனும் இதில் சேர்த்திதான். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு எதுவும் தேவையில்லை. உப்பும் ஒரு வயது வரை தனியாகச் சேர்க்க வேண்டாம். சாம்பாருக்கு உப்பும் காரமும் போடும் முன்பே வெந்த பருப்பில் குழந்தைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள், இட்லி மாவிலும் அப்படியே. பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகு. தயிரும் சமையலில் சேரும் பாலும் முன்பே ஆகலாம். டப்பா உணவு வாங்கினால் அட்டையில் சர்க்கரை இருக்கிறதா என்று படியுங்கள். 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால்பொருள் சட்டப்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு இந்தியாவில் விளம்பரம் செய்வதே தடை.

வேர்க்கடலை, முட்டை ஒவ்வாமை வரும், தள்ளிப்போடு என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். 2015இல் வெளியான லண்டன் ஆய்வொன்று அதைத் திருப்பிப் போட்டது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், சிறு வயதிலேயே வேர்க்கடலை சாப்பிட்டவர்களுக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை ஏறக்குறைய 80 சதவீதம் குறைவாக இருந்தது. அதனால் வறுத்து நைசாகப் பொடித்துக் கூழில் கலந்து கொடுக்கலாம், முழுக்கடலையாக ஒருபோதும் இல்லை. கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு) உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், விடாத வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு.

முழு திராட்சை, பொட்டுக்கடலை, முறுக்குத் துண்டு, பச்சைக் கேரட், சீத்தாப்பழ விதை ஆகியவை தொண்டையை அடைக்கும். உணவு தொடங்கும் நாட்களில் குழந்தை அடிக்கடி ஓங்கரிக்கும். முகம் சிவந்து இருமி, சத்தத்தோடு வெளியே தள்ளிவிடும். அது பழகும் வழி, பதறி விரலை வாய்க்குள் விட வேண்டாம். அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். அப்போது குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பின் நடுவில் ஐந்து அழுத்தம். வெளிவரும்வரை மாறி மாறி. கூட இருப்பவர் 108க்கு அழைக்கட்டும். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் இதை ஒரு பொம்மையை வைத்துச் செய்து பழகுங்கள். நான் என் மாமியாருக்குத் தலையணையில் காட்டினேன்.

மொபைலும் நிலாவும்

நம் பாட்டிகள் நிலாவைக் காட்டிச் சோறூட்டினார்கள், நாங்கள் மொபைலைக் காட்டுகிறோம், என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். நிலாவைக் காட்டும்போது பாட்டி குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கதை சொல்கிறாள், வாய் திறப்பதும் மூடுவதும் அவளுக்குத் தெரிகிறது. மொபைலைப் பார்க்கும் குழந்தைக்குத் தன் வாயில் என்ன போகிறது என்றே தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. நமக்கும் தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் நாங்கள் சாப்பிடும்போதே மகனுக்கும் ஒரு கிண்ணம். பாதி தரையில் போகும். செய்தித்தாளை விரித்துவிட்டு உட்காரவைக்கிறேன்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் சோற்றை நிறுத்திப் பட்டினி போட வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், பிடித்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். குணமானபின் பசி திரும்பும், அப்போது இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூட்டிக் கொடுத்தால் இளைத்த எடை திரும்ப வரும். என் மகளுக்கு அப்படித்தான் வந்தது: ஒன்பதாம் மாதம் கெட்டிக் கூழும் நெய்யும் பருப்பு சாதமும் ஆரம்பித்து, பத்தாம் மாதத் தராசில் முள் நகர்ந்தபோது அங்கன்வாடி டீச்சர் அட்டையில் புள்ளி வைத்துக் கோட்டை மேலே இழுத்தார்.